கிறிஸ்மஸ் கீதம் தந்த கோவில் பாடகர் பிரான்சு சவேரியார் குரூபர்

ஒரு பங்கின் வரலாற்றை எழுதும்போது, கோவில் கட்டிய குருக்களின் பெயர்கள் இடம்பெறும். மணி வாங்கிக் கொடுத்தவர்கள், கொடிமரம் நட்டவர்கள், பீடம் அமைத்தவர்கள் பெயர்களும் தவறாமல் இடம்பெறும். ஆனால் ஞாயிறுதோறும் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து, சுருதி சேராத குரல்களையெல்லாம் சேர்த்து, மக்களைப் பாட வைத்தவர் பெயர் மட்டும் எப்படியோ விடுபட்டுப் போகும். பாட்டு காற்றோடு போய்விடுகிறது. பாடியவரும் அப்படியே போய்விடுகிறார். இது நம் பங்குக்கு மட்டும் உரிய குறையன்று. உலகத் திருச்சபை எங்கணும் உள்ள வழக்கம்தான்.

அப்படி மறைந்துபோக இருந்து, இறைவன் திருவருளால் மறையாமல் நின்ற ஒரு கோவில் பாடகரின் வாழ்க்கையை இந்த யூபிலி மலரில் நினைவுகூர விரும்புகிறோம். கிறிஸ்மஸ் இரவில், குழந்தை இயேசுவின் குடிலுக்கு முன்னால், உலகெங்கும் பாடப்படும் 'சைலண்ட் நைட்' என்ற கீதத்தை நாம் அனைவரும் அறிவோம். ஜெர்மன் மொழியில் 'ஸ்டில்லே நாஹ்ட்' எனத் தொடங்கும் அந்தப் பாடலுக்கு மெட்டு அமைத்தவர் பிரான்சு சவேரியார் குரூபர். நம் முத்துக்குளித்துறையில் மறை பரப்பிய புனித சவேரியாரின் பெயரைத் தாங்கியவர் என்பதால் அவர் நமக்கு ஒருவகையில் உறவினரும் ஆகிறார். அவர் பெரிய இசைமேதையாகப் பெயர் வாங்கியவர் அல்லர். ஊர்ப்பள்ளி ஆசிரியர், கோவிற்பிள்ளை, ஆர்கன் வாசிப்பவர், பாடற்குழுத் தலைவர். அவ்வளவே.

தறியும் இசையும்

ஆஸ்திரிய நாட்டில், இன்றைய மேல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹோக்பர்க் என்னும் சிற்றூரில் 1787 ஆம் ஆண்டு நவம்பர் 25 ஆம் நாள் குரூபர் பிறந்தார். பெற்றோர் யோசேப்பு, அன்னா. லினன் துணி நெய்து பிழைத்த ஏழை நெசவாளர்கள். ஞானஸ்நானத்தில் அவருக்கு இடப்பட்ட பெயர் கொன்ராட் சவேரியார். பின்னாளில் அது பிரான்சு சவேரியார் என வழங்கலாயிற்று.

நெசவாளன் மகன் நெசவாளனாக வேண்டும் என்பது தந்தையின் எண்ணம். அதில் குற்றம் காண நமக்கு மனம் வராது. தறி ஓடினால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில், இசை சோறு போடாது என்று ஒரு தகப்பன் நினைப்பது இயல்பே. மகனோ பாட்டிலும் ஆர்கனிலும் மனத்தைப் பறிகொடுத்தான். அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் அந்திரேயாஸ் பீட்டர்லெக்னர் சிறுவனின் திறமையைக் கண்டறிந்து, தகப்பனுக்குத் தெரியாமல் இசை கற்றுக் கொடுத்தார். வீட்டில் வாத்தியம் இல்லாததால் சுவரில் மரத்துண்டுகளைச் செருகி, அவற்றையே ஆர்கன் கட்டைகளாக எண்ணிச் சிறுவன் விரல் பழகினான் என்று ஒரு கதை வழங்குகிறது. பன்னிரண்டு வயதில், ஆசிரியர் நோயுற்றிருந்த ஒரு நாள் கோவிலில் அவனே ஆர்கன் வாசிக்க, அதைக் கேட்டுத் தந்தை மனம் இளகினார் என்றும் சொல்வார்கள்.

ஆயினும் பதினெட்டு வயது வரை அவர் தறியில்தான் அமர்ந்திருந்தார். அதன்பின் பர்க்ஹவுசன் நகரக் கோவிலின் ஆர்கன் கலைஞர் ஹார்ட்டோப்ளரிடம் முறையாகப் பயின்றார். ஆசிரியர் தேர்வும் எழுதித் தேறினார். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தின் கதவும் கோவில் பாடல்மாடத்தின் கதவும் ஒன்றாகத் திறந்தன.

ஆசிரியர், கோவிற்பிள்ளை, பாடகர்

1807 ஆம் ஆண்டு, சால்ஸ்பர்க் நகருக்கு வடக்கே உள்ள ஆர்ன்ஸ்டோர்ப் என்ற ஊரில் குரூபர் ஆசிரியராக அமர்ந்தார். அக்காலத்தில் அந்நாட்டுச் சிற்றூர்களில் பள்ளி ஆசிரியர் வேலை என்பது தனி வேலையன்று. ஆசிரியரே கோவிற்பிள்ளை. மணி அடிப்பது, திருவுடைகளை எடுத்து வைப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, பூசையில் ஆர்கன் வாசிப்பது, பாடகரைப் பழக்குவது, அடக்கத்தில் பாடுவது எல்லாம் அவர் பொறுப்பு. நம் நாட்டுப் பழைய உபதேசியார்களை நினைத்துக் கொண்டால் அந்த வாழ்க்கை நமக்கு எளிதில் விளங்கும். ஆசிரியர் சம்பளம் ஒரு குடும்பத்துக்குப் போதாது. கோவில் வேலையிலிருந்து வரும் சிறு வருமானமும் சேர்ந்தால்தான் வீடு நடக்கும்.

அதே ஆண்டில், தமக்கு முன் அப்பள்ளியில் இருந்த ஆசிரியரின் விதவையை அவர் மணந்தார். அந்த அம்மையார் அவரைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். அவர்களுக்குப் பிறந்த இரு குழந்தைகளும் இளமையிலேயே இறந்தனர். 1825 இல் அந்த அம்மையாரும் இறந்தார். மறு ஆண்டு குரூபர் இரண்டாம் திருமணம் செய்தார். அதில் பிள்ளைகள் பத்துப் பேர். மொத்தம் பன்னிரண்டு பிள்ளைகளில் வளர்ந்து ஆளானவர்கள் நால்வர் மட்டுமே. 1841 இல் இரண்டாம் மனைவியும் இறந்தார். அடுத்த ஆண்டு அவர் மூன்றாவதாக மணம் முடித்தார்.

வாசகர்கள் இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். குழந்தைத் தாலாட்டாக உலகம் போற்றும் ஒரு கீதத்தை இசைத்த மனிதர், தம் தொட்டில்களில் பெரும்பாலானவை வெறுமையானதைக் கண்டவர். வீட்டில் சாவு நேர்ந்த வாரத்திலும் ஞாயிறு வரத்தான் செய்யும். பூசை மணியும் அடிக்கத்தான் செய்யும். பாடற்குழுவை நடத்துபவர் தம் துக்கத்தை மடித்து வைத்துவிட்டு மக்களுக்காக அல்லேலூயா பாடியே ஆக வேண்டும். இந்தத் தியாகத்தை நம் பங்கிலும் கண்டவர்கள் உண்டு.

ஆற்றங்கரைக் கோவில்

ஆர்ன்ஸ்டோர்ப்பிலிருந்து நடந்து போகும் தூரத்தில் சால்சாக் ஆற்றங்கரையில் ஓபர்ன்டோர்ப் என்ற ஊர் உண்டு. மேலே மலைப்பக்கத்து ஹல்லைன் நகரில் எடுக்கப்பட்ட உப்பைப் படகுகளில் ஏற்றி ஆற்று வழியே கொண்டு செல்வது அவ்வூராரின் தொழில். ஆகையால் அங்கிருந்த கோவிலும் ஓடக்காரர்களின் பாதுகாவலராம் புனித நிக்கலாசுக்கு அர்ப்பணிக்கப்பட்டிருந்தது.

நெப்போலியனின் போர்களால் அந்தப் பகுதி பல ஆண்டுகள் அல்லல்பட்டது. 1816 இல் எல்லை வகுத்தபோது ஆறே எல்லையாயிற்று. ஒரே ஊராக இருந்ததில் அக்கரையிலுள்ள லாவ்பன் பவேரியாவுக்கும், இக்கரையிலுள்ள ஓபர்ன்டோர்ப் ஆஸ்திரியாவுக்கும் போயின. அதே 1816 இல் கோடை காலமே வராதது போலக் குளிரும் மழையும் நீடிக்க, ஐரோப்பா முழுவதும் விளைச்சல் கெட்டுப் பஞ்சம் வந்தது. அந்த ஆண்டில்தான் குரூபர் ஆர்ன்ஸ்டோர்ப் பள்ளி வேலையை விடாமலே ஓபர்ன்டோர்ப் கோவிலின் ஆர்கன் வாசிப்பையும் பாடற்பொறுப்பையும் ஏற்றார். இரண்டு ஊர்க் கோவில்கள், ஒரு பள்ளிக்கூடம்; இடையே நடைப் பயணம்.

1817 இல் ஓபர்ன்டோர்ப்புக்கு உதவிக் குருவாக யோசேப்பு மோர் அடிகளார் வந்தார். சால்ஸ்பர்க் நகரில் 1792 இல் வறுமையில் பிறந்தவர். படைவீரரான தந்தை தாயைக் கைவிட்டுச் சென்றுவிட, ஒரு குருவானவரின் ஆதரவால் படித்துக் குருவானவர். நல்ல குரலும் கித்தார் வாசிக்கும் பழக்கமும் உள்ளவர். எளிய மக்களோடு கலந்து பழகியவர். மேலிருந்த குருவுக்கு அவருடைய போக்குப் பிடிக்காமல் மேலிடத்துக்கு முறையிட்டதும் உண்டு. அடிகளாருக்கும் ஆசிரியருக்கும் நட்பு மலர்ந்தது. ஒருவர் படைவீரரின் கைவிடப்பட்ட மகன். மற்றவர் தறிக்காரர் மகன். இருவரையும் இணைத்தது பாட்டு.

1818 ஆம் ஆண்டு டிசம்பர் 24

அன்று மோர் அடிகளார் ஒரு கவிதையைக் குரூபரிடம் கொடுத்தார். 1816 இல் மரியாபார் என்ற மலையூரில் பணிபுரிந்தபோது அவர் எழுதி வைத்திருந்தது அது. ஆறு பத்திகள் கொண்டது. இரண்டு தனிக் குரல்களுக்கும் பாடற்குழுவுக்கும் ஏற்றவாறு, கித்தார் துணையோடு பாடத்தக்க மெட்டு ஒன்று வேண்டும் என்று கேட்டார். குரூபர் அன்று மாலையே மெட்டை முடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றிரவே அது கோவிலில் பாடப்பட்டது. அடிகளார் மேற்குரல் பாடிக் கித்தாரும் வாசித்தார். குரூபர் கீழ்க்குரல் பாடினார். கூடியிருந்த மக்கள் எல்லாரும் அதை விரும்பி ஏற்றனர்.

கோவில் ஆர்கனை எலி கடித்துவிட்டது, அதனால்தான் கித்தார் வந்தது என்ற கதையை நம்மில் பலர் கேட்டிருப்போம். பிரசங்கங்களிலும் அது சொல்லப்படுவதுண்டு. கதை இனிமையானதே, ஆனால் குரூபர் பிற்காலத்தில் தம் கைப்பட எழுதி வைத்த குறிப்பில் எலியும் இல்லை, பழுதான ஆர்கனும் இல்லை. நண்பர் பாட்டுக் கேட்டார், இவர் மெட்டமைத்தார் என்பதே அதில் உள்ள செய்தி. உண்மை இவ்வளவு எளிமையாக இருக்கும்போது அதற்கு அலங்காரம் தேவையில்லை.

சில மணி நேரத்தில் பிறந்த மெட்டு என்று வியப்பவர்கள் உண்டு. அதன் பின்னால் பதினோரு ஆண்டுக் கோவில் பாடல் அனுபவம் இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். பாடற்குழு நடத்தியவர்களுக்கு அதன் நுட்பம் உடனே புரியும். அன்று மாலை எழுதி அன்றிரவே பாட வேண்டும். நீண்ட பயிற்சிக்கு நேரமில்லை. ஆகையால் பாரம் முழுவதும் இரண்டு தனிக் குரல்கள் மேல் வைக்கப்பட்டது. குழுவினர் ஒவ்வொரு பத்தியின் முடிவையும் திருப்பிப் பாடினால் போதும். தாளம் தொட்டில் ஆடுவது போன்றது. குழந்தைக்குத் தாலாட்டுப் பாடத் தெரிந்த எவரும் அதைப் பிடித்துக்கொள்வர். கித்தாருக்கும் கடினமான வேலை எதுவும் இல்லை. தம் மக்களின் குரல் எவ்வளவு தாங்கும் என்று அறிந்த ஒருவரே இப்படி எழுத முடியும். தம் புலமையைக் காட்ட நினைத்திருந்தால் அந்தப் பாட்டு அந்த இரவோடு முடிந்திருக்கும்.

பெயரிழந்து போன பாட்டு

1819 இல் மோர் அடிகளார் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். அதன்பின் ஊர் ஊராக மாற்றப்பட்டு, கடைசியில் வாக்ரைன் என்னும் மலையூரில் பங்குத் தந்தையானார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டாக்கினார். 1848 டிசம்பர் 4 ஆம் நாள் ஏதும் சேர்த்து வைக்காதவராய் இறந்தார்.

பாட்டோ தன் வழியே பயணம் போயிற்று. சில்லர்தால் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஒருவர் வழியாக அது தீரோல் நாட்டுக்குச் சென்றதாகக் குரூபரே குறிப்பிட்டுள்ளார். ஆர்கன் கட்டுநர் கார்ல் மவுராக்கரே அவர் என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். அங்கிருந்து ஊர் சுற்றிப் பாடும் குடும்பங்களான ரைனர் குடும்பத்தாரும் ஸ்ட்ராசர் குடும்பத்தாரும் அதைக் கற்றுக்கொண்டனர். ஸ்ட்ராசர் குடும்பத்தார் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பாடினர். ரைனர் குழுவினர் 1839 இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பாடினர். 1830களில் அது அச்சேறியபோது தீரோல் நாட்டு நாடோடிப் பாடல் என்றே அச்சிடப்பட்டது. எழுதியவர் பெயரும் இல்லை. மெட்டமைத்தவர் பெயரும் இல்லை.

அந்த நாட்களில் குரூபர் என்ன செய்துகொண்டிருந்தார்? தம் வேலையைச் செய்துகொண்டிருந்தார். ஓபர்ன்டோர்ப்பில் ஆசிரியர் பதவியும் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தார், அது கிடைக்கவில்லை. 1829 இல் பெர்ன்டோர்ப் என்ற ஊருக்கு ஆசிரியராகவும் கோவிற்பிள்ளையாகவும் சென்றார். 1835 இல், தம் நாற்பத்தெட்டாம் வயதில், ஹல்லைன் நகரப் பங்குக் கோவிலின் பாடற்குழுத் தலைவரானார். ஓபர்ன்டோர்ப் ஓடக்காரர்கள் உப்பு ஏற்றிவந்த அதே நகரம். ஆசிரியப் பணியிலிருந்து முற்றும் விடுபட்டு, இசை ஒன்றையே ஊழியமாகக் கொள்ளும் வாய்ப்பு அவருக்கு அங்கேதான் வந்தது.

ஹல்லைனில் அவர் செய்த பணியே அவருடைய வாழ்க்கையின் பெரும் பணி என்று நாம் கருதுகிறோம். ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரே கோவில், ஒரே பாடல்மாடம். சிறுவர்களுக்குச் சுருதி பிடிக்கக் கற்றுக் கொடுப்பது, வயலின்காரரையும் ஊதுகுழல்காரரையும் ஒன்று சேர்ப்பது, திருவிழாவுக்கும் தவக்காலத்துக்கும் மரித்தோர் பூசைக்கும் ஏற்ற பாடல்களைத் தேர்வது என்று ஓயாத வேலை. பல பூசைப் பாடல்களையும் நற்கருணை கீதங்களையும் அவர் இயற்றினார். பெரிய நகரங்களின் அரங்குகளுக்காக அவற்றை எழுதவில்லை. அடுத்த ஞாயிறுக்கும் அடுத்த திருவிழாவுக்கும் எழுதினார். தம் பழைய கிறிஸ்மஸ் கீதத்தையும் ஆர்கன், தந்தி வாத்தியங்கள், கொம்பு ஆகியவற்றோடு பாடும்படி புதிதாக அமைத்துக் கொண்டார். அதைக் கொண்டு புகழ் தேடும் எண்ணம் அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை.

பெர்லினிலிருந்து வந்த கேள்வி

1854 இல் ஒரு திருப்பம் நேர்ந்தது. பெர்லின் அரச பாடற்குழுவினர் இந்தப் பாடலை மிக விரும்பினர். இதை மெட்டமைத்தவர் சால்ஸ்பர்க்கின் புகழ்பெற்ற இசையாசிரியர் மிக்கேல் ஹைடன் என்று அவர்கள் எண்ணினர். மூலப்பிரதி கிடைக்குமா என்று சால்ஸ்பர்க் புனித பேதுரு மடத்துக்கு எழுதிக் கேட்டனர். அந்த மடத்தில் பாடும் சிறுவர்களில் ஒருவன் குரூபரின் மகன் பெலிக்ஸ். செய்தி மகன் வழியாகத் தந்தையிடம் வந்து சேர்ந்தது. எத்தனையோ பேரிடம் போயிருக்க வேண்டிய கேள்வி, பாடற்குழுப் பையன் ஒருவன் அங்கே இருந்ததால் சரியான வாசலில் வந்து நின்றது. இதில் இறைவனின் பராமரிப்பைக் காண்கிறோம்.

அப்போது குரூபருக்கு வயது அறுபத்தேழு. மோர் அடிகளார் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. குரூபர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் இருவர் பெயரும் அழிந்திருக்கும். முழுப் புகழையும் தமக்கே எடுத்துக்கொள்ள நினைத்திருந்தாலும் மறுத்துப் பேச அடிகளார் உயிரோடு இல்லை. குரூபர் இரண்டையும் செய்யவில்லை. 1854 டிசம்பர் 30 ஆம் நாள், பாட்டுப் பிறந்த வரலாற்றைச் சுருக்கமாக எழுதினார். பாட்டை எழுதியவர் மோர் அடிகளார் என்றும், அவர் கேட்டதால் தாம் மெட்டமைத்தார் என்றும், ஆண்டும் நாளும் இடமும் குறித்து வைத்தார். புகழ்ச்சி இல்லை, மனத்தாங்கலும் இல்லை. முப்பத்தாறு ஆண்டுகள் யாரிடமும் உரிமை கொண்டாடாதவர், கேட்டபோது மட்டும் உண்மையைச் சொன்னார். நண்பருக்கு உரியதை நண்பருக்கே கொடுத்தார்.

அவருடைய சொல்லை உலகம் உடனே ஏற்றுக்கொண்டது என்று சொல்ல முடியாது. நெடுங்காலம் வரை சந்தேகங்கள் இருந்தன. 1995 இல் மோர் அடிகளாரின் கைப்பிரதி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதில் பாட்டு 1816 இல் எழுதப்பட்டது என்றும், மெட்டு குரூபருடையது என்றும் அடிகளாரே குறித்திருந்தார். ஒருவர் மற்றவருக்காகச் சாட்சி சொன்னார். அந்த மற்றவரும் இவருக்காக முன்னமே சாட்சி எழுதி வைத்திருந்தார். இருவரும் மறைந்து நூறாண்டுகளுக்கு மேலான பிறகு இரண்டு சாட்சியங்களும் சந்தித்தன.

மறைவும் நினைவும்

1863 ஆம் ஆண்டு ஜூன் 7 ஆம் நாள், எழுபத்தைந்தாம் வயதில், குரூபர் ஹல்லைனில் ஆண்டவரில் துயில் கொண்டார். அவர் பணியாற்றிய பங்குக் கோவிலுக்கு எதிரே, அவர் வாழ்ந்த வீட்டின் முன்னால் அவருடைய கல்லறை இருக்கிறது. அந்த வீடு இப்போது நினைவு இல்லமாக உள்ளது. மோர் அடிகளாரின் கித்தாரும் அங்கே பாதுகாக்கப்படுகிறது.

ஓபர்ன்டோர்ப்பில் இருந்த புனித நிக்கலாஸ் கோவில் ஆற்று வெள்ளங்களால் பழுதுபட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் 1937 இல் ஒரு நினைவுச் சிற்றாலயம் அர்ச்சிக்கப்பட்டது. கோவிலை வெள்ளம் அழித்தது. அங்கே பிறந்த பாட்டை அழிக்க முடியவில்லை. 1914 கிறிஸ்மஸ் இரவில், முதலாம் உலகப் போரின் பதுங்குகுழிகளில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் துப்பாக்கிகளைக் கீழே வைத்துவிட்டுப் பாடிய பாடல்களில் இதுவும் ஒன்று. இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகளிலும் வட்டார வழக்குகளிலும் இது பாடப்படுவதாகச் சொல்கின்றனர். 2018 இல் இதன் இருநூறாம் ஆண்டு கொண்டாடப்பட்டது.

நம் பாடற்குழுவுக்கு

குரூபரின் கோவில் பணி, 1807 முதல் 1863 வரை கணக்கிட்டால், ஐம்பத்தாறு ஆண்டுகள். ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு என்று வைத்துக்கொண்டாலும் ஏறத்தாழ மூவாயிரம் ஞாயிறுகள். திருவிழாக்களும் அடக்கங்களும் தனி. அவற்றுள் உலகம் நினைவில் வைத்திருப்பது ஒரே ஓர் இரவை. மற்ற நாட்களில் அவர் என்ன பாடினார், யார் வந்தார்கள், எந்தப் பையன் சுருதி தவறினான், எந்த மார்கழிக் குளிரில் விரல் விறைக்க வாசித்தார் என்பதெல்லாம் இறைவன் ஒருவருக்கே தெரியும். அந்த மூவாயிரம் ஞாயிறுகளும் வீண் என்று நாம் சொல்லத் துணிவோமா? அவையன்றோ அந்த ஓர் இரவைத் தாங்கி நின்றன!

நம் பங்கில் இத்தனை ஆண்டுகளாய்ப் பாடற்குழுவை நடத்தி வந்தவர்களையும், அவர்களிடம் பாடக் கற்றுப் பின்னர் வேலைக்கும் திருமணத்துக்கும் வெளியூர் போனவர்களையும், இறந்து கல்லறைத் தோட்டத்தில் உறங்குபவர்களையும் இந்த யூபிலி நாளில் நன்றியோடு நினைக்கிறோம். அவர்கள் அமைத்த மெட்டு எதுவும் உலகெங்கும் போகாமல் இருக்கலாம். ஆனால் அவர்களுடைய குரலைப் பிடித்துக்கொண்டே நாம் எழுந்து நின்றோம், முழங்காலிட்டோம், நம் இறந்தோரை வழியனுப்பினோம்.

பாடல்மாடத்தில் இன்று அமர்ந்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டம் குறைந்த வாரநாள் பூசையிலும், ஒத்திகைக்கு மூன்றே பேர் வந்த மாலையிலும் சோர்ந்து போகாதீர்கள். மக்களுடைய குரலின் அளவறிந்து பாட்டைத் தேர்ந்தெடுங்கள். உடன் உழைத்தவருக்கு உரிய பெருமையை மறவாமல் கொடுங்கள். மற்றதை ஹல்லைன் நகரத்து முதியவரைப் போல இறைவன் கையில் விட்டுவிடுங்கள். வரும் கிறிஸ்மஸ் இரவில் குடிலுக்கு முன்னால் அந்தத் தாலாட்டு எழும்போது, யோசேப்பு மோர் அடிகளாருக்காகவும் பிரான்சு சவேரியார் குரூபருக்காகவும் ஒரு சிறு செபம் சொல்வோம். நம் பங்கின் பாடகர் எல்லாருக்காகவும் அதனோடு சேர்த்துச் சொல்வோம்.